இசைத்தட்டில் அடங்காத கிதார்: சார்லி கிறிஸ்டியன்

ஒரு கலைஞனைப் பற்றி நாம் அறிந்திருப்பதெல்லாம் அவனுடைய கலையை எது பதிந்து வைத்ததோ அதன் எல்லைக்கு உட்பட்டதே. ஏடு சிதைந்தால் பாடல் சிதைகிறது. தட்டு சுழலும் நேரம் முடிந்தால் இசை முடிகிறது. பதிப்புத் துறையோடு சற்றேனும் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் இசை என்று வரும்போது இதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தட்டில் ஒலிப்பதே கலைஞன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அமெரிக்க ஜாஸ் கிதார்க் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் விஷயத்தில் இந்த மறதி ஓர் அநீதியாகவே முடிந்திருக்கிறது என்பது நம் கருத்து.

கிறிஸ்டியன் 1916ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் பான்ஹம் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1942ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் நியூயார்க்கில் காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு 25 வயது. நாடறிந்த கலைஞராக அவர் வாசித்த காலம் 1939 ஆகஸ்டு முதல் 1941 கோடை வரை. முழுதாக இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. இந்தக் குறுகிய காலத்தை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுவது எழுதுவோர் வழக்கம். ஒன்று, மின்கிதாரை ஜாஸுக்குக் கொண்டுவந்த முதல்வர் அவர் என்பது. மற்றொன்று, இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் என்னென்ன செய்திருப்பாரோ என்பது. இரண்டும் புகழுரைகளே. ஆனால் இரண்டும் அவருடைய இசையைக் கேளாமலே சொல்லிவிடக் கூடியவை. முதலாவது, கலைஞனைக் கருவிக்குத் துணைப்பொருளாக்குகிறது. இரண்டாவது, அவர் செய்ததை விட்டுவிட்டுச் செய்யாததைப் பேசுகிறது.

முதல் வாக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது உண்மையும் அன்று. கிப்சன் நிறுவனத்தார் இஎஸ்-150 என்னும் மின்கிதாரை 1936ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டனர். கவுண்ட் பேஸி குழுவைச் சேர்ந்த எட்டி டர்ஹம் 1938இல் மின்கிதார் வாசித்துத் தட்டுகள் வெளியிட்டார். அதே ஆண்டு மார்ச் மாதம் சிகாகோவில் ஜார்ஜ் பார்ன்ஸ் என்னும் பதினாறு வயது இளைஞர், பிக் பில் புரூன்சி என்ற ப்ளூஸ் பாடகருக்காக மின்கிதார் வாசித்திருக்கிறார். ஆக, கருவி இருந்தது, வாசிப்பவர்களும் இருந்தார்கள். கிறிஸ்டியனின் பெருமை கருவியில் இல்லை. அந்தக் கருவியைக் கொண்டு என்ன சொல்லலாம் என்று அவர் கண்டுகொண்டதில் இருக்கிறது. அவர் கையாண்ட கிதாரின் ஒலிவாங்கிப் பகுதியை இன்றளவும் கிதார் செய்வோர் 'சார்லி கிறிஸ்டியன் பிக்கப்' என்றே அழைக்கின்றனர். கிப்சன் தயாரித்த பொருளுக்கு வாசித்தவன் பெயர் வந்து சேர்ந்தது. ஏன் வந்தது என்பதையே நாம் கேட்க வேண்டும்.

அந்தக் காலத்து ஜாஸ் குழுவில் கிதாரின் இடம் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பதினைந்து பேர் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று முழங்கும் குழுவில் கிதாரின் ஓசை காதில் விழாது. ஒரு தாளக்கட்டுக்கு நான்கு அடி என்று சீராக மீட்டித் தாளத்துக்குத் துணை நிற்பதே அதன் வேலை. எட்டி லாங், லானி ஜான்சன் போன்றோர் சிறு குழுக்களில் தனியாக வாசித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஜாங்கோ ரைன்ஹார்ட் பெரும்புகழ் பெற்றிருந்தார். என்றாலும், பெரிய குழுவின் நடுவே எழுந்து நின்று சாக்ஸபோனுக்கு இணையாக ஒரு கருத்தை நீளமாக எடுத்துரைக்கும் உரிமை கிதாருக்குக் கிடைத்ததில்லை. 1939 டிசம்பரில் 'டவுன்பீட்' இதழில் கிறிஸ்டியன் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. கிதார்க் கலைஞர்களை விழித்தெழச் சொல்லும் கட்டுரை அது. மின்பெருக்கம் அவர்களுக்குப் புதுவாழ்வு தந்திருக்கிறது, இனி ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். பின்வரிசையில் அமர்த்தப்பட்டவன் முன்வரிசைக்கு வந்து பேசிய குரல் அது.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? கிறிஸ்டியன் வளர்ந்தது ஓக்லஹோமா நகரத்தில். தந்தை கண்பார்வை இழந்த இசைக்கலைஞர். பிள்ளைகள் அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்று தெருக்களில் உடன் வாசித்துப் பிழைத்தனர். அதே நகரத்தில் வளர்ந்த நாவலாசிரியர் ரால்ஃப் எலிசன் 1958இல் கிறிஸ்டியனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1964இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. பள்ளியில் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு கிதார் செய்து வாசித்த சிறுவனை எலிசன் அதில் நினைவுகூர்கிறார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்கிறார். அக்குடும்பத்தினர் ப்ளூஸ் மட்டும் வாசித்தவர்கள் அல்லர். மேலை நாட்டுச் செவ்விசையின் எளிய உருப்படிகளையும் வாசித்தவர்கள். கறுப்பின மாணவர்களுக்கான டக்ளஸ் பள்ளியில் ஸீலியா புரோ என்னும் ஆசிரியை முறையான இசைக்கல்வியை வேரூன்றச் செய்திருந்தார்.

இதை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. கறுப்பினக் கலைஞர் ஒருவர் புதுமை செய்தால், அதை 'இயற்கை', 'உள்ளுணர்வு', 'இரத்தத்தில் ஊறியது' என்றெல்லாம் சொல்லிவிடும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பாராட்டுப் போலத் தோன்றும் இச்சொற்கள், அக்கலைஞர் சிந்தித்தார் என்பதையும் உழைத்தார் என்பதையும் நாசூக்காக மறுத்துவிடுகின்றன. கிறிஸ்டியன் கேட்டார், கற்றார், தேர்ந்தெடுத்தார். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓக்லஹோமா பக்கம் வந்து வாசித்த லெஸ்டர் யங் என்னும் சாக்ஸபோன் கலைஞரிடமிருந்து அவர் பெற்றது மிகுதி. ஓசையால் மிரட்டாமல் நீண்ட மெல்லிய தொடர்களால் கதை சொல்லும் முறை யங்குடையது. மூச்சுக் கருவியின் இந்த வாக்கிய அமைப்பைத் தந்திக் கருவிக்கு மாற்றுவது என்பது தானாக நிகழ்வதன்று. மீட்டிய கணத்திலேயே தேயத் தொடங்குவது தந்தியின் ஓசை. மின்பெருக்கம் அந்த ஓசையைச் சற்று நீட்டித் தந்தது. அந்தச் சிறு நீட்சியில் ஒரு மொழியையே அமைத்துக்கொண்டவர் கிறிஸ்டியன்.

அவர் வெளியுலகுக்கு வந்த கதை பலராலும் சொல்லப்பட்டதே. பியானோக் கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் அவரைப் பற்றி ஜான் ஹாமண்டிடம் சொன்னார். இசைத்தட்டுத் துறையில் செல்வாக்கு மிக்க ஹாமண்ட் நேரில் சென்று கேட்டு, 1939 ஆகஸ்டில் அவரை லாஸ் ஏஞ்சலஸுக்கு வரவழைத்தார். அங்கிருந்த பென்னி குட்மன் அன்று அமெரிக்காவின் புகழ்மிக்க குழுத்தலைவர். அவருக்கு மின்கிதாரில் ஆர்வம் இல்லை. அன்றிரவு பெவர்லி ஹில்ஸின் விக்டர் ஹியூகோ உணவகத்தில் இடைவேளையின்போது, குட்மனுக்குத் தெரியாமல் ஒலிபெருக்கியை மேடையேற்றிவிட்டார்கள். எரிச்சலடைந்த குட்மன், இந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது என்ற எண்ணத்தில் 'ரோஸ் ரூம்' என்ற பாடலைத் தொடங்கினார். அது நாற்பது நிமிடத்துக்கு மேல் நீண்டது என்பது ஹாமண்ட் பின்னாளில் சொன்ன கதை.

கதையில் மிகை இருக்கலாம். ஆனால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. மேடையில் நாற்பது நிமிடம் நீண்டதாகச் சொல்லப்படும் அதே 'ரோஸ் ரூம்', 1939 அக்டோபர் 2ஆம் நாள் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவானபோது மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் கொள்ளும். அந்த மூன்று நிமிடத்தையும் ஆறு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தலைவர் குட்மனின் கிளாரிநெட்டுக்கு ஒரு பங்கு, லயனல் ஹாம்ப்டனின் வைப்ரஃபோனுக்கு ஒரு பங்கு என்று போக, கிறிஸ்டியனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சுற்று. சில தட்டுகளில் அதுவும் இல்லை.

'சுற்று' என்பதை ஜாஸுக்குப் புதியவர்களுக்காகச் சற்று விளக்குவோம். ஜாஸில் ஒரு பாடலின் சட்டகம் பெரும்பாலும் 32 தாளக்கட்டுகள் கொண்டது. அதன் அடியில் சுரக்கூட்டுகள், அதாவது 'கார்டு'கள், ஒரு வரிசையில் மாறி வரும். முதலில் மெட்டை எல்லோருமாக வாசிப்பார்கள். பிறகு ஒருவர் அந்தச் சுரக்கூட்டு வரிசையை மட்டும் பற்றிக்கொண்டு அதன்மேல் தம் மனோதர்மப்படி புதிய மெட்டொன்றைப் படைத்துச் செல்வார். 32 தாளக்கட்டுகள் ஒருமுறை முடிந்தால் ஒரு சுற்று. நம் மரபில் மனோதர்மத்துக்கு இராகம் எப்படி எல்லையும் இடமும் தருகிறதோ, அப்படி ஜாஸில் இந்தச் சுரக்கூட்டு வரிசை தருகிறது. ஒப்புமை இவ்வளவோடு நிற்கட்டும். இரண்டின் இலக்கணமும் வேறு.

ஒரே ஒரு சுற்றில் கிறிஸ்டியன் செய்வது என்ன? 'ஃப்ளையிங் ஹோம்', 'செவன் கம் இலெவன்' ஆகிய தட்டுகளைக் கேட்போர்க்கு அது விளங்கும். மற்றவர்கள் இரண்டு அல்லது நான்கு தாளக்கட்டில் வாக்கியத்தை முடித்து மூச்சு விடும் இடத்தில், அவர் நிறுத்துவதில்லை. வாக்கியம் தாளக்கட்டின் எல்லையைத் தாண்டி அடுத்ததன் நடுவே சென்று முடிகிறது. யாப்பில் ஓரடியில் தொடங்கிய கருத்து அடுத்த அடியிலும் ஓடிச் சென்று முடிவதைப் போன்றது இது. சுரக்கூட்டின் அடிப்படைச் சுரங்களோடு அமையாது, அதற்கு மேலே அடுக்கி வரும் ஒன்பதாவது, பதின்மூன்றாவது சுரங்களையும் தொட்டு இயல்பாக மெட்டுக்குள் சேர்த்துவிடுகிறார். அழுத்தம் விழும் இடமும் எதிர்பார்த்த இடமன்று. இவையெல்லாம் சில ஆண்டுகள் கழித்து பீபாப் என்ற பெயரில் ஓர் இயக்கமாகவே எழுந்த இசையின் இலக்கணக் கூறுகள். நடன அரங்குக்கான ஸ்விங் இசைத்தட்டில், நாட்டில் வானொலி வைத்திருந்தோர் பலரும் கேட்டிருக்கக்கூடிய தட்டில், அந்த இலக்கணம் ஒரு சுற்றுக்குள் ஒளிந்து கிடந்தது.

ஒரு சிறு குறிப்பு. குட்மன் தட்டுகளுக்குச் சில வாரங்கள் முன்பு, 1939 செப்டம்பர் 11ஆம் நாள், ஹாம்ப்டன் தலைமையில் நடந்த ஒரு பதிவில் கிறிஸ்டியன் பின்னணித் தாளத்துக்கு மட்டும் கிதார் மீட்டினார். அதே அறையில் டிரம்பெட்டுடன் அமர்ந்திருந்தவர் டிஸ்ஸி கிலெஸ்பி. பின்னாளில் பீபாப்பின் முகமாக அறியப்படப்போகும் கிலெஸ்பியும் அதன் இலக்கணத்தை முன்னதாகவே பேசத் தொடங்கிய கிறிஸ்டியனும் ஒரே நாளில் ஒரே தட்டுக்காக வாசித்திருக்கிறார்கள். தட்டை வாங்கியவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இனி நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருவோம். கிறிஸ்டியனின் இசை நமக்கு மூன்று வகையான 'ஏடுகள்' வழியே கிடைத்திருக்கிறது. அவற்றை வேறுபடுத்தாமல் கேட்பதே பிழையின் தொடக்கம்.

முதல் வகை, நிறுவனங்கள் வெளியிட்ட தட்டுகள். இவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பாடலை நான்கைந்து முறை பதிந்து அவற்றுள் ஒன்றைத் தட்டாக வெளியிடுவது வழக்கம். மற்றவை நிறுவனத்தின் கிடங்கில் தங்கிவிடும். கிறிஸ்டியன் இறந்த பிறகு அவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. பாடபேதம் என்று நாம் சொல்வதற்கு இவை நேர்ச் சான்று. 'பிரேக்ஃபஸ்ட் ஃப்யூட்' என்ற உருப்படி 1940 டிசம்பரிலும் 1941 ஜனவரியிலும் பலமுறை பதிவானது. ஒவ்வொரு முறையும் கிறிஸ்டியன் வாசிப்பது வேறு. முந்தியதைத் திருத்தி மெருகேற்றிய வடிவம் என்றும் சொல்ல முடியாது. வேறு தொடக்கம், வேறு தருக்கம், வேறு முடிவு. பழகிய சில சொற்றொடர்கள் மீண்டும் வருகின்றன. எந்தப் புலவனிடம்தான் அவை இல்லை? ஆனால் அவை நிற்கும் இடம் மாறுகிறது. இடம் மாறும்போது பொருளும் மாறுகிறது.

1950களில் கொலம்பியா நிறுவனத்தார் கிறிஸ்டியன் பதிவுகளை நீளிசைத்தட்டாக வெளியிட்டபோது ஒரு காரியம் செய்தனர். 'பிரேக்ஃபஸ்ட் ஃப்யூட்' பாடலின் வெவ்வேறு பதிவுகளிலிருந்து அவருடைய தனிவாசிப்புகளை மட்டும் வெட்டி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஒரே மூச்சில் வாசித்ததைப் போல அமைத்துவிட்டனர். நோக்கம் நல்லதே. கிறிஸ்டியனை இன்னும் சற்று நேரம் கேட்க வேண்டும் என்ற அவா யாருக்குத்தான் இல்லை? அந்த ஒட்டுத்தட்டைக் கேட்டு வளர்ந்த இரசிகர்கள் பலர் அதை விரும்பவே செய்கிறார்கள். ஆயினும் நாம் இதை ஏற்பதற்கில்லை. நான்கு பிரதிகளிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கி ஒரு செய்யுள் சமைத்தால், அது அந்தக் கவிஞன் எழுதாத செய்யுள். மனோதர்ம இசையில் ஒரு வாக்கியம் ஏன் வந்தது என்பதற்கு அதற்கு முந்தைய வாக்கியமே விடை. முந்தையதை மாற்றிவிட்டால் கேள்வி ஒன்றும் விடை வேறொன்றுமாகிவிடும். ஒட்டியவர்கள் நமக்கு அதிக நேரத்தைத் தந்தார்கள். அதற்கு விலையாக அவருடைய சிந்தனையின் வரிசையை எடுத்துக்கொண்டார்கள். 2002இல் அதே கொலம்பியாவின் பெயரில் நான்கு குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பு வெளிவந்து, தனித்தனிப் பதிவுகளை அவற்றின் முழு வடிவில் கேட்க வழி செய்தது. தாமதமாக வந்த நற்பதிப்பு அது.

இரண்டாம் வகை, தற்செயலாகச் சிக்கியவை. 1941 மார்ச் 13ஆம் நாள் பதிவுக்கூடத்துக்கு மற்றவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், குட்மன் வரவில்லை. காத்திருந்த நேரத்தில் கிறிஸ்டியனும் மற்றவர்களும் விளையாட்டாக வாசிக்கத் தொடங்கினர். ஒலிப்பதிவாளர் இயந்திரத்தை ஓடவிட்டார். 'வெயிட்டிங் ஃபார் பென்னி' என்று பிற்பாடு பெயரிடப்பட்ட அந்தத் துண்டில் நாம் கேட்பது தலைவர் இல்லாத அறையின் இசை. கிறிஸ்டியன் சிறு சிறு சொற்றொடர்களை எடுத்து வைக்கிறார்; மற்றவர்கள் பற்றிக்கொள்கிறார்கள். அன்றே முறையாகப் பதிவான 'எ ஸ்மூத் ஒன்' என்னும் உருப்படியின் மெட்டு, இந்த விளையாட்டின் இறுதியில் எட்டிப் பார்க்கிறது. அத்தட்டின் ஆசிரியராகப் பெயர் இருப்பது குட்மனுக்கு. யார் எதை உண்டாக்கினார் என்று தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. ஆனால் குழுவில் பிறக்கும் மெட்டுக்குத் தலைவர் பெயர் சூட்டுவது அக்கால வழக்கம் என்பதையும், இந்தத் துண்டில் தலைவர் இல்லை என்பதையும் சேர்த்து நினைப்பது நல்லது.

மூன்றாம் வகையே நம் வாதத்துக்கு உயிர். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், 118ஆம் தெருவில், சிசில் விடுதியின் கீழ்த்தளத்தில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்னும் கேளிக்கை மன்றம் இருந்தது. அதைத் தொடங்கிய ஹென்றி மின்டன், இசைக்கலைஞர் சங்கத்தின் நியூயார்க் கிளையில் முதல் கறுப்பினப் பிரதிநிதியாக இருந்தவர். ஊதியமில்லாமல் கூடி வாசிக்கச் சங்க விதி தடை விதித்திருந்த காலத்தில், மின்டன் பெயர் இருந்த இடத்தில் கலைஞர்கள் அச்சமின்றிக் கூடினர். குட்மன் குழுவில் வேலை முடிந்ததும் கிறிஸ்டியன் அங்கே போய்விடுவார். தமக்கென ஓர் ஒலிபெருக்கி அங்கேயே இருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார் என்று சொல்வார்கள். மேளத்தில் கென்னி கிளார்க். தாளத்தைக் கால்மேளத்திலிருந்து மேல் சிம்பலுக்கு மாற்றி, எதிர்பாராத இடங்களில் மட்டும் இடிபோல் அடி விழச் செய்து, மேளக்கலையையே மாற்றியவர் அவர். பியானோவில் பல இரவுகள் திலோனியஸ் மங்க்.

அங்கே வந்து அமர்ந்திருந்தவர்களுள் ஜெர்ரி நியூமன் என்னும் கொலம்பியா பல்கலைக்கழக மாணவரும் ஒருவர். தூக்கிச் செல்லத்தக்க தட்டுப்பதிவு இயந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. 1941 மே மாதம் அவர் பதிந்த சில தட்டுகளே, அந்த அறையில் கிறிஸ்டியன் எப்படி வாசித்தார் என்பதற்கு நமக்கு எஞ்சியுள்ள சான்று. பெரும் நிறுவனங்கள் எவையும் அங்கே ஒலிவாங்கியைக் கொண்டு செல்லவில்லை. சென்றது ஒரு மாணவனின் ஆர்வம்.

அந்தப் பதிவுகளில் தலையாயது 'ஸ்விங் டு பாப்' என்று அறியப்படுவது. பெயரே பின்னாளில் தட்டு வெளியிட்டவர்கள் வைத்தது. அது பதிவான இரவில் பாப் என்ற சொல் இசைக்கு வழங்கவில்லை. உண்மையில் அது பேஸி குழுவின் 'டாப்ஸி' என்ற உருப்படி. அதை இயற்றியவர்களுள் ஒருவர் நாம் முன்பு குறிப்பிட்ட எட்டி டர்ஹம். பதிவு நடுவிலேயே தொடங்குகிறது. முதலேடு இழந்த சுவடியைப் போல், கிறிஸ்டியன் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கும்போது நாம் உள்ளே நுழைகிறோம். ஒரு சுற்று முடிகிறது, அவர் நிறுத்தவில்லை. அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என்று போகிறார். பாடலின் நடுப்பகுதியில் சுரக்கூட்டுகள் வேகமாக மாறும் இடம் வரும்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் வேறு வழியில் கடக்கிறார். கிளார்க்கின் மேளம் இடையில் புகுந்து கேள்வி கேட்கிறது. கிதார் பதில் சொல்லிவிட்டு மேலே செல்கிறது. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டித் தாளத்தை இறுக்கி, பிறகு ஒரு நீண்ட இறக்கத்தில் அந்த இறுக்கத்தை அவிழ்க்கும் இடங்கள் உண்டு. ஒரு சுற்று மட்டுமே கிடைக்கும் குட்மன் தட்டில் இத்தகைய கட்டுமானத்துக்கு இடமே இல்லை. அங்கே நாம் கேட்பது முத்துப் போன்ற ஒரு தனிப்பாடல். இங்கே கேட்பது தொடர்நிலைச் செய்யுள்.

இரண்டையும் வாசித்தவர் ஒருவரே; காலமும் ஏறத்தாழ ஒன்றே. மாறியது ஏடு. ஆகவே கிறிஸ்டியன் 'சுருக்கமாகச் சொல்வதில் வல்லவர்' என்று குட்மன் தட்டுகளை மட்டும் வைத்து எழுதுவோர், தட்டின் குணத்தைக் கலைஞனின் குணமாக எண்ணிவிடுகிறார்கள் என்பது நம் துணிபு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் சொல்லிவிடுவதே முறை. மின்டன்ஸ் பதிவுகளில் ஒலித்தரம் குறைவு. பேச்சொலி கலந்திருக்கிறது. உடன் வாசிப்போர் சிலர் கிறிஸ்டியனின் உயரத்தை எட்டவில்லை. சில பதிவுகளில் பியானோ வாசித்தவர் யார் என்பதே ஆய்வாளர்களிடையே சர்ச்சை. மேலும், எல்லை இருப்பதால்தான் கலை செறிவு பெறுகிறது, குறளின் அளவே குறளின் அழகு என்றும் வாதிடலாம். மறுக்க முடியாத வாதம்தான். கிறிஸ்டியன் ஒரு சுற்றுக்குள் காட்டிய செறிவு வியக்கத்தக்கது. 1941 மார்ச் 4ஆம் நாள் பதிவான 'சோலோ ஃப்ளைட்' தட்டில், முழு இசைக்குழுவும் துணை நிற்க ஏறத்தாழ முழுவதும் கிதாரே பேசுகிறது. மூன்று நிமிட எல்லைக்குள் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அது உரைகல். ஆனால் குறளின் அளவைத் தேர்ந்தவர் வள்ளுவர். தட்டின் அளவைத் தேர்ந்தவர் கிறிஸ்டியன் அல்லர். தேர்ந்த எல்லைக்கும் விதிக்கப்பட்ட எல்லைக்கும் உள்ள வேறுபாடு இது. விதிக்கப்பட்ட எல்லைக்குள் அவர் சிறந்தார் என்பது உண்மை. அந்த எல்லை இல்லாதபோது அவர் வேறொருவராக ஓங்கி நின்றார் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையைச் சொல்ல நியூமனின் தட்டுகள் மட்டுமே இருக்கின்றன.

அவை இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1942 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் இசைத்தட்டுப் பதிவுகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. கொலம்பியா, விக்டர் ஆகிய பெரும் நிறுவனங்களோடு உடன்பாடு ஏற்பட 1944 நவம்பர் ஆயிற்று. ஹார்லம் மன்றங்களில் பீபாப் உருவாகி வளர்ந்த அந்த இரண்டாண்டுகளுக்கு நிறுவனப் பதிவுகள் ஏறக்குறைய இல்லை. தடை நீங்கியபோது அந்த இசை முழு வளர்ச்சி பெற்று வெளிவந்தது. கேட்டவர்களுக்கு அது வானத்திலிருந்து திடீரென்று குதித்ததைப் போலத் தோன்றியது. எதுவும் அப்படிக் குதிப்பதில்லை. 1944 செப்டம்பரில் சார்லி பார்க்கரோடு பதிந்த டைனி கிரைம்ஸ், 1945 பிப்ரவரியில் கிலெஸ்பி, பார்க்கர் இருவரோடும் 'குரூவின் ஹை' தட்டில் வாசித்த ரெமோ பால்மியெரி, 1946இல் கிலெஸ்பியோடு வாசித்த பில் டி அராங்கோ ஆகிய தொடக்ககாலப் பீபாப் கிதார்க் கலைஞர்களின் விரல்களில் கிறிஸ்டியன் ஏற்கெனவே இருந்தார். ஓக்லஹோமா மாநிலத்தவரான பார்னி கெசல் அவரோடு நேரில் வாசித்துப் பார்த்தவர். பின்னாளில் பெரும்புகழ் எய்திய வெஸ் மாண்ட்கோமரி, கிறிஸ்டியனின் தட்டுகளைச் சுரம் விடாமல் மனப்பாடம் செய்து அவற்றை வாசித்தே முதல் மேடை வேலையைப் பெற்றவர். ஆசிரியர் மறைந்தபின் பாடநூலே ஆசிரியராயிற்று.

இனி இரண்டாவது வாக்கியம்: வாழ்ந்திருந்தால்? 1941 கோடையில் கிறிஸ்டியன் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீவியூ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காசநோய்க்கு மருந்தில்லாத காலம். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். ஐசோநயசிட் என்னும் மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்து, அவர்கள் எழுந்து நடமாடும் காட்சியை உலகுக்குக் காட்டிய சோதனைகள் 1950களின் தொடக்கத்தில் நடந்ததும் அதே சீவியூ மருத்துவமனையில்தான். இந்தச் செய்தியைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு கனக்கும். 'வாழ்ந்திருந்தால்' என்ற பெருமூச்சு தானே எழும். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பெருமூச்சு விமரிசனமாகாது. இருபத்தைந்து வயதில் இறந்தவர் என்பதாலேயே அவர் செய்ததை முன்னுரை என்று கொள்வது, அவருடைய படைப்பை நாமே பாதியில் நிறுத்துவதாகும். 'ஸ்விங் டு பாப்' ஒரு முன்னுரை அன்று. அது தொடங்கி, வளர்ந்து, தன் முடிவைத் தானே கண்டடைந்த படைப்பு. பதிவில் முதல் வரிகள் இல்லை என்பது உண்மை, படைப்பில் குறையில்லை.

அவருடைய உடல் பிறந்த ஊரான பான்ஹமில் அடக்கம் செய்யப்பட்டது. அங்கே அவருக்கு முறையான நினைவுக்கல் எழுப்பப்பட்டது 1994இல். இறந்து ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின். கருவியின் ஒரு பகுதிக்குப் பெயர் கொடுத்தவரின் கல்லறையில் அவர் பெயரைப் பொறிக்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. இதைக் குறித்து உரை எதுவும் வேண்டாம் என்று நினைக்கிறோம்.

கேட்க விழைவோர்க்கு நாம் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் 1939 அக்டோபர் 'ரோஸ் ரூம்'. அந்த ஒரு சுற்றை நான்கைந்து முறை கேட்டு, வாக்கியங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து 'பிரேக்ஃபஸ்ட் ஃப்யூட்' பதிவுகளை, ஒட்டுத்தட்டை விலக்கி, தனித்தனியாக. பிறகு 'வெயிட்டிங் ஃபார் பென்னி'. இறுதியாக 'ஸ்விங் டு பாப்'. இந்த வரிசையில் கேட்போர்க்கு, முதல் மின்கிதார்க் கலைஞர் யார் என்ற கேள்வியே சிறிதாகிவிடும். மூன்று நிமிடத்துக்கு வெட்டப்பட்ட ஒரு சிந்தனை, வெட்டுவார் இல்லாத ஓர் இரவில் எவ்வளவு தூரம் நடந்தது என்பது செவிக்குப் புலனாகும். அதைப் பதிந்து வைத்த அந்த மாணவருக்கு இசையுலகம் கடன்பட்டிருக்கிறது. இன்றும் எங்கோ ஒரு சிறிய அறையில் நிறுவனங்களின் ஒலிவாங்கி எட்டாத இசை நடந்துகொண்டிருக்கும். அங்கே பதிந்து வைக்க யாரேனும் அமர்ந்திருக்கிறார்களா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.